ஹார்மோனிக் பேலன்சரைச் சுத்தியல் இல்லாமல் பொருத்துவது எப்படி: ஷெவர்லே 350 இன்ஜினுக்கான முழுமையான வழிகாட்டி

சென்ற குளிர்காலத்தில் ஒரு பழைய ஷெவர்லே பிக்கப் வண்டி என் பட்டறைக்கு வந்தது. ஒன்டாரியோவில் சாலைக்கு உப்பு போடும் மாதங்கள். அடிப்பகுதி முழுவதும் துரு. “முன்பக்க ஆயில் சீல் கசிகிறது, மாற்றிக் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு உரிமையாளர் போய்விட்டார். ரேடியேட்டரை இறக்கி, கிராங்க்ஷாஃப்ட் முனையில் இருக்கும் நடு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். நான்கே சுற்று, போல்ட் கையோடு வந்துவிட்டது. அதன் மரைகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு கம்பிச் சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அது கிராங்க்ஷாஃப்ட்டின் உள்மரை. உரிந்து வந்திருந்தது.

என்ன நடந்திருக்கும் என்பது தெளிவு. முன்பு யாரோ ஹார்மோனிக் பேலன்சரை, அதாவது கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனையில் இறுகும் கனமான வட்டை, மாற்றியிருக்கிறார். அதைக் கிராங்க் முனையில் வைத்து, அதற்குரிய போல்ட்டையே முறுக்கி உள்ளே இழுத்திருக்கிறார். அந்தப் போல்ட் 7/16-20 அளவு, அதாவது அங்குலத்துக்கு இருபது மரை. ஒரு சுற்றுக்கு 1.27 மி.மீ. மட்டுமே உள்ளே போகும். பேலன்சர் இன்னும் வெளியே நிற்கும்போது போல்ட் நான்கு சுற்றுதான் பிடித்திருந்தது என்றால், ஐந்து மி.மீ. ஆழ மரைதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. அந்த மரைகள் தாங்காது. கிராங்கைத் துளையிட்டுப் புது மரைச்சுருள் பதித்து நேராக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சரியான கருவி இருந்திருந்தால் இருபது நிமிட வேலை அது.

இந்த வேலையில் உயிர்நாடியான விஷயம் ஒன்றுதான்: பேலன்சரை அழுத்தும் விசை, கிராங்க் மரையில் ஆழமாக இறங்கி நிற்கும் ஒரு தண்டின் வழியாகத்தான் செல்ல வேண்டும். சுத்தியலின் வழியாகவும் கூடாது, பாதி பிடித்த போல்ட்டின் வழியாகவும் கூடாது. கீழே வரும் விளக்கங்கள் 350 கன அங்குல ஷெவர்லே ஸ்மால் பிளாக் இன்ஜினை வைத்து எழுதப்பட்டவை. 1967 முதல் பல பத்தாண்டுகள் கார்களிலும் பிக்கப்களிலும் போடப்பட்ட இன்ஜின் அது. வட அமெரிக்காவில் சொந்தக் கையால் வண்டி சரிசெய்பவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவதும் இதையே. மற்ற இன்ஜின்களில் எங்கெங்கே முறை மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பேலன்சர் எதற்கு?

பெயர் சற்று ஏமாற்றும். 350 இன்ஜினில் இது எதையும் சமநிலைப்படுத்துவதில்லை. இது ஓர் அதிர்வு உறிஞ்சி.

எட்டு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு முறை சுற்றும்போது நான்கு சிலிண்டர்கள் வெடிக்கின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் விநாடிக்கு 200 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க்ஷாஃப்ட்டை இம்மியளவு முறுக்குகிறது. வெடிப்பு முடிந்ததும் அது வில் போல மீள்கிறது. பின்முனையில் கனமான ஃப்ளைவீல் இருப்பதால் அங்கே ஆட்டம் குறைவு. முன்முனை அப்படிப் பிடிப்பில்லாமல் நிற்பதால் அதிகம் ஆடுவது அதுதான். வெடிப்புகளின் வேகமும் கிராங்க்கின் இயல்பான அதிர்வெண்ணும் ஒன்றிப்போகும் வேகத்தில் இந்த ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போலத்தான். கடைசியில் கிராங்க் உடையும்.

பேலன்சரில் மூன்று பகுதிகள். கிராங்கில் இறுகும் நடுக்குடம், வெளியே கனமான இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். குடம் கிராங்கோடு சேர்ந்து துடிக்கும்போது கனமான வளையம் உடனே பின்தொடராது. ரப்பர் நெளிந்து அந்தத் துடிப்பை வெப்பமாக்கிவிடும். ஆறு சிலிண்டர் இன்ஜின்களின் நீளமான கிராங்குகள் பெரும் தொல்லை கொடுத்த காலத்தில், இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் இதற்கான உறிஞ்சி ஒன்றுக்கு 1910இல் காப்புரிமை பெற்றார். அவருடையதில் ரப்பர் இல்லை. எண்ணெயில் உராயும் தட்டுகள் இருந்தன. அடிப்படை யோசனை மட்டும் இன்றுவரை அதே.

சுத்தியல் ஏன் கூடாது என்பதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது. ஓர் அடி வெளி வளையத்தில் பட்டாலே ரப்பரின் ஒட்டு விட்டுப்போகலாம். குடத்திலேயே சரியாக அடித்தாலும் அந்த அடி கிராங்க் வழியாக நேராகப் பின்னால் போகும். ஸ்மால் பிளாக்கில் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் பின்கடைசி மெயின் பேரிங்கில், அதாவது ஐந்தாவதில், இருக்கிறது. அதன் மெல்லிய விளிம்பு அடி தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினால் போதும் என்பவர்கள் உண்டு. தட்டுவது மெதுவாகத்தான் தொடங்கும். பாதியில் பேலன்சர் நின்றுவிட்டால் அடுத்த அடி மெதுவாக விழாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

350 இன்ஜின் உள்சமநிலை கொண்டது. அதற்கு வரும் முன் பேலன்சரில் ஒரு பக்க எடை இருக்கக் கூடாது. 1970 முதல் 1980 வரை வந்த 400 கன அங்குல ஸ்மால் பிளாக் வெளிச்சமநிலை கொண்டது. அதன் பேலன்சரில் வேண்டுமென்றே ஒரு பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே கிராங்க் முனையில் ஏறும், பார்க்கவும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மாறிப்போனால் இன்ஜின் குலுங்கிக் குலுங்கிப் பேரிங்கைத் தின்றுவிடும். 1986க்குப் பிந்திய, ஒரே துண்டுப் பின்சீல் வைத்த 350களில் பின்பக்கத் தட்டில் எடை உண்டு. முன் பேலன்சரில் அப்போதும் கிடையாது. ஃபோர்டு 302 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் பேலன்சரின் ஒரு பக்க எடையின் பழைய அளவு 28 அவுன்ஸ்-அங்குலம். 1980களின் தொடக்கத்தில் 50 ஆக மாற்றினார்கள்.

அடுத்தது விட்டம். ஸ்மால் பிளாக் பேலன்சர்கள் பெரும்பாலும் 6¾ அங்குலம் அல்லது 8 அங்குலம். இன்ஜினின் முன்பக்க டைமிங் மூடியில், தீப்பொறி நேரத்தை (டைமிங்கை) பார்ப்பதற்காக உள்ள டிகிரிக் குறித்தட்டு விட்டத்துக்கு ஏற்ற இடத்தில் இருக்க வேண்டும். பேலன்சரில் வெட்டிய கோடு சாவிப்பள்ளத்திலிருந்து (கிராங்கில் பதிந்திருக்கும் ‘சாவி’ என்ற சிறு எஃகுத் துண்டு நுழையும் பள்ளம்) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் 1969ஐ ஒட்டி மாறியது. அதனால் பேலன்சரையும் குறித்தட்டையும் ஒரு சோடியாகவே பாருங்கள். பழையதையும் புதியதையும் அருகருகே படுக்க வைத்து, சாவிப்பள்ளத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி ஒன்றா என்று பார்த்தபிறகே பழையதைத் தூக்கிப் போடுங்கள்.

பழையதையே திரும்பப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ, பிதுங்கி நின்றாலோ, நகத்தில் ஒட்டும் அளவுக்கு எண்ணெயில் ஊறியிருந்தாலோ வேண்டாம். வெளி வளையம் முன்னால் தள்ளி நின்றால் வேண்டவே வேண்டாம். வளையம் சுற்றுவாக்கில் நழுவியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. 8 அங்குல பேலன்சரில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் 1.8 மி.மீ. வளையம் ஒரு சென்டிமீட்டர் நழுவினாலே டைமிங் லைட் ஐந்தாறு டிகிரி பொய் சொல்லும். நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி நல்ல இன்ஜினைக் கெடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கருவி

மற்றவை எல்லோரிடமும் இருக்கும்: டார்க் ரெஞ்ச், சாக்கெட்டுகள், ஜாக், ஸ்டாண்டுகள், கண்ணாடி, கையுறை. இந்த வேலைக்கென்று வேண்டியவை இரண்டு.

ஒன்று, கழற்றும் புல்லர். குடத்தில் உள்ள மூன்று மரைத்துளைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் வகையாக இருக்க வேண்டும். வெளி விளிம்பைக் கொக்கி போட்டு இழுக்கும் மூன்று கால் புல்லரைத் தொடவே தொடாதீர்கள். அது வளையத்தை ரப்பரோடு பிய்த்துக்கொண்டு வரும்.

மற்றொன்று, பொருத்தும் கருவி. ஒரு முனையில் 7/16-20 மரை வெட்டிய கெட்டியான தண்டு, அதன் மேல் ஓடும் பெரிய நட், நட்டுக்கும் பேலன்சருக்கும் நடுவே ஒரு த்ரஸ்ட் பேரிங், கனமான வாஷர். இவ்வளவுதான். வட அமெரிக்காவில் உதிரிபாகக் கடைகள் பல முன்பணம் வாங்கிக்கொண்டு இதை இரவல் தருகின்றன. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஆனால் சாதாரண மரைக்கம்பியில் செய்யச் சொல்லாதீர்கள். அது மென்மையான இரும்பு, மரை உரியும். உயர் இழுவலிமை எஃகு என்று கேட்டு வாங்குங்கள். த்ரஸ்ட் பேரிங்கையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கைப்பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். பேலன்சர் நகர்கிறதா, வாஷர் அரைகிறதா என்பதும் கைக்குத் தெரியாது.

தயாரிப்பு

இன்ஜின் முழுவதும் ஆறட்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்; கிராங்க் முனையில் ஸ்பேனர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் எலும்பு முறியும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, தூக்கினால் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி எந்த வண்டிக்கும் அடியில் போகாதீர்கள். கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், நக்கினால் சாகும்.

ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் ஆகியவற்றைக் கழற்றி இடம் செய்துகொள்ளுங்கள். ரேடியேட்டரை எடுக்காமலேயே சமாளிக்கலாம் என்று தோன்றும். எடுத்துவிடுங்கள். கருவி நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்க்க இடம் வேண்டும்.

நடு போல்ட்டைக் கழற்றிய பின், புல்லரின் நடுத்திருகு கிராங்க் மரையைக் கெடுக்காதபடி முனையில் ஒரு குட்டைப் போல்ட்டையோ மூடியையோ வைத்துக்கொண்டு இழுங்கள். பேலன்சர் வந்ததும் டைமிங் மூடியில் இருக்கும் ஆயில் சீலைப் பாருங்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகு பழைய சீலை விட்டுவைப்பது சரியல்ல. புதிதை நேராக உட்கார வைத்து, அதன் உதட்டில் இன்ஜின் ஆயில் தடவுங்கள். உலர்ந்த சீல் முதல் சில விநாடிகளிலேயே கருகிவிடும்.

பழைய குடத்தையே பயன்படுத்துகிறீர்கள் என்றால், சீல் ஓடிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்தால் புதுச் சீலும் கசியும். அதற்கென்று மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது. அதைக் குடத்தின் மேல் ஏற்றினால் சீலுக்குப் புதுப் பரப்பு கிடைத்துவிடும்.

அளப்பது

பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். பொருத்தம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

கிராங்க் முனை குடத்தின் துளையைவிட நூலிழை பெரிதாக இருக்க வேண்டும். அந்த இறுக்கம்தான் பேலன்சரைப் பிடித்து வைக்கிறது. சாவி வெறும் திசைகாட்டி. எவ்வளவு இறுக்கம் என்றால், ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. இதை வெர்னியரால் அளக்க முடியாது. வெளிப்புறத்துக்கு மைக்ரோமீட்டர், துளைக்குப் போர் கேஜ். போர் கேஜ் இல்லையென்றால் பேலன்சரை எடுத்துக்கொண்டு இன்ஜின் ரீபோர் செய்யும் பட்டறைக்குப் போங்கள். ஐந்து நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். கிராங்க் முனையை மட்டும் வண்டியில் வைத்தே நீங்கள் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். புது பேலன்சரோடு வந்த தாளில் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தைப் பாருங்கள். அது என் எண்ணிலிருந்து வேறுபட்டால் தாளில் உள்ளதுதான் சரி.

இறுக்கம் அதிகமென்றால் பட்டறையில் குடத்தின் துளையை ஹோன் செய்து, அதாவது சாணைக்கல்லால் சீராகத் தேய்த்து, சரிசெய்யலாம். எமரித் தாளைச் சுருட்டித் துளைக்குள் தேய்ப்பவர்கள் உண்டு. துளை முட்டை வடிவாகிவிடும். தளர்வாக இருந்தால் அந்த பேலன்சரைத் திருப்பிக் கொடுங்கள். வேறு வழியில்லை.

பிறகு சுத்தம். கிராங்க் முனையில் துரு, பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. சாவிப்பள்ளத்தின் ஓரங்களை மெல்லிய அரத்தால் ஒரே ஒரு முறை வருடினால் போதும். சாவி பள்ளத்தில் முழுவதும் பதிந்து, கிடையாக நிற்க வேண்டும். ஒரு முனை தூக்கியிருந்தால் பேலன்சர் ஏறும்போது அது பள்ளத்தை உழுதுகொண்டு போகும். உள்மரையில் மரை வெட்டும் 7/16-20 டேப்பைக் கையால் ஓட்டி அழுக்கை எடுத்து, பிரேக் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். மரையின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் கடைசியில் போல்ட் அதில் முட்டி, டார்க் ரெஞ்ச் தவறான அளவைக் காட்டும்.

பொருத்துதல்

1. குடத்தின் துளையிலும் கிராங்க் முனையிலும் இன்ஜின் ஆயிலை விரலால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். குடத்தின் வெளிப்புறத்தில், சீல் ஓடும் இடத்திலும் தடவுங்கள். குடத்தின் சாவிப்பள்ளத்தில், உட்புறம் போகும் முனையில், சிலிக்கான் சீலன்ட் ஒரு பயறளவு. இன்ஜின் ஆயில் சாவிப்பள்ளம் வழியாகவே ஊர்ந்து வெளியே வரும். சீலைக் குற்றம் சொல்லிக்கொண்டு மூன்று முறை மாற்றியவர்கள் இந்தப் பயறளவைத்தான் மறந்திருப்பார்கள்.

2. கருவியின் தண்டைக் கையால் மட்டும் கிராங்க்குள் திருகுங்கள். சுற்றுகளை எண்ணுங்கள். 7/16 அங்குலம் என்பது 11 மி.மீ. விட்டம், அதன் ஒன்றரை மடங்கு ஆழமாவது பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பதின்மூன்று சுற்று வேண்டும். நான் வாய்விட்டே எண்ணுவேன். எட்டில் நின்றுவிட்டால் வெளியே எடுத்து, ஏன் என்று பாருங்கள். ஸ்பேனர் போட்டு மேற்கொண்டு திருகாதீர்கள்.

3. பேலன்சரைத் தண்டின் மேல் ஏற்றி, சாவிப்பள்ளத்தைச் சாவிக்கு நேராகக் கொண்டுவந்து, இரு கைகளாலும் தள்ளுங்கள். இரண்டு மூன்று மி.மீ. உட்காரும். எதிரே தள்ளி நின்று, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். துளிகூடச் சாய்வு இருக்கக் கூடாது.

4. வாஷர், த்ரஸ்ட் பேரிங், நட் என்ற வரிசையில் மாட்டுங்கள். வாஷர் குடத்தின் மேல்தான் அமர வேண்டும். வெளி வளையத்தைத் தொடக் கூடாது. இப்போது ஒரு ஸ்பேனரால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டை மட்டும் திருப்புங்கள். தண்டு சுற்றக் கூடாது. சுற்றினால் கிராங்க் மரை தேயும், அல்லது தண்டு வெளியே வரத் தொடங்கும்.

5. அரைச் சுற்று, நிறுத்து, பார். இந்தத் தாளத்தில் போங்கள். கைக்குத் தெரியும் எதிர்ப்பு ஒரே சீராக, கெட்டியான மாவைத் தள்ளுவது போல இருக்கும். திடீரென்று கடினமானால் நிறுத்துங்கள். சாவி தூக்கியிருக்கலாம், சாய்ந்திருக்கலாம், பிசிறு அடைத்திருக்கலாம். புல்லர் போட்டு வெளியே எடுத்துப் பார்ப்பது கால் மணி நேரம். பலம் போட்டுத் தள்ளினால் கிராங்க் போகும்.

6. சீலின் உதட்டுக்குள் குடம் நுழையும் இடத்தில் இன்னும் மெதுவாகப் போங்கள். உதடு உள்நோக்கி மடிந்துவிடவில்லை என்பதை விளக்கு அடித்துப் பாருங்கள்.

7. குடம் உள்ளே கிராங்க் பல்சக்கரத்தை, அல்லது அதன் முன்னால் ஆயில் தட்டு இருந்தால் அதை, முட்டியவுடன் எதிர்ப்பு சட்டென்று ஏறி, நட் நின்றுவிடும். இந்த நிறுத்தம் வழியில் வரும் சிக்கலைப் போல இருக்காது. கல்லில் மோதியது போல இருக்கும். மூடியிலிருந்து பேலன்சர் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பழையதைக் கழற்றும் முன்பே அளந்து வைத்திருந்தால், இப்போது ஒப்பிட்டுச் சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். அதற்கு மேல் நட்டை இறுக்காதீர்கள்.

சூடாக்கலாமா என்று கேட்பார்கள். குடத்தை அறை வெப்பத்திலிருந்து அறுபது டிகிரி உயர்த்தினால் துளை ஏறத்தாழ 0.02 மி.மீ. விரியும். நமக்கு வேண்டிய இறுக்கமே அவ்வளவுதான் என்பதால் பெரிய உதவி. தயாரிப்பாளரின் தாள் அனுமதித்தால் சூடான தண்ணீரில் வைத்து எடுத்து, நன்றாகத் துடைத்து, தடித்த கையுறையோடு மாட்டலாம். கருவி அப்போதும் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த கிராங்கைத் தொட்டவுடன் குடம் சுருங்கிப் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டாதீர்கள். ரப்பர் வெந்துபோன பேலன்சர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்.

நடு போல்ட்

கருவியைக் கழற்றிவிட்டு, போல்ட்டையும் அதன் தடித்த வாஷரையும் போடுங்கள். மெல்லிய சாதாரண வாஷர் போட்டால் அது குழிந்து, போல்ட் தளரும். மரையில் நீல நிற மரைப்பசை இரண்டு சொட்டு. பழைய 350க்கு இறுக்கம் 60 அடி-பவுண்டு, அதாவது 81 நியூட்டன் மீட்டர். தொடக்க கால ஸ்மால் பிளாக்குகள் சிலவற்றில் நடு போல்ட்டே கிடையாது. இறுக்கப் பொருத்தம் மட்டும்தான் பேலன்சரைப் பிடித்திருந்தது. கிராங்க்கில் மரை வெட்டியிருந்தால் போல்ட்டைத் தவறாமல் போடுங்கள்.

இறுக்கும்போது கிராங்க் சுற்றாமல் பிடிக்க வேண்டும். கையால் மாற்றும் கியர் வண்டியில் உயர் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்தால் போதும். ஆட்டோமேட்டிக்கில் பின்பக்கத் தட்டின் பற்களில் மாட்டும் பிடிகருவி வேண்டும். திருப்புளியைப் பற்களுக்கு நடுவே செருகுவது எங்கும் காணும் பழக்கம். அது நழுவினால் உள்ளங்கை கிழியும், பல் உடைந்தால் ஸ்டார்ட்டர் அலறும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்குவதும் வேண்டாம். அந்த அதிர்வு மரைக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் நல்லதல்ல. எவ்வளவு இறுகியது என்பதும் தெரியாது.

வேறு இன்ஜின் என்றால்

1997 கார்வெட்டில் தொடங்கிய எல்எஸ் குடும்பத்தில் பேலன்சருக்குச் சாவியே இல்லை. அதனால் போல்ட்டின் இறுக்கம் அங்கே வேறு மாதிரி. கருவியால் அழுத்தி ஏற்றிய பின், பழைய போல்ட்டைப் போட்டு 240 அடி-பவுண்டு வரை இறுக்கிப் பேலன்சரை உட்கார வைக்க வேண்டும். அதைக் கழற்றி, கிராங்க் முனை குடத்துக்குள் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும், 2.4 முதல் 4.48 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிறகு புது போல்ட்டை 37 அடி-பவுண்டு இறுக்கி, அதிலிருந்து 140 டிகிரி திருப்ப வேண்டும். அந்தப் போல்ட் நீண்டு கொடுத்துப் பிடிக்கும் வகை. ஒரு முறைதான் பயன்படும். செலவை மிச்சம் பிடிக்கப் பழையதையே மறுபடி போடுகிறவர்கள் கிராங்கைப் பணயம் வைக்கிறார்கள்.

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் கிராங்க் புல்லி கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அழுத்தும் கருவி தேவையில்லை. ஆனால் அங்கே புல்லியைப் பிடித்து வைப்பது நடு போல்ட்டின் இறுக்கம் மட்டுமே; பல இன்ஜின்களில் டைமிங் பல்சக்கரத்தையும் அதே போல்ட்தான் சேர்த்து அழுத்துகிறது. அது சற்றுத் தளர்ந்தாலும் சாவி ஆடி ஆடி, பள்ளத்தை அகலப்படுத்தி, கிராங்கையே வீணாக்கிவிடும். அந்தந்த இன்ஜினின் கையேட்டில் உள்ள எண்ணைத் தேடி எடுத்து இறுக்குங்கள். ஹோண்டாவின் பல இன்ஜின்களில் புல்லியின் நடுவே அறுகோணப் பள்ளம் இருக்கும். அதற்குரிய பிடிகருவியை வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன்

முதலில் கையால் சுற்றுங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாக, இரண்டு முழுச் சுற்று. எங்கும் முட்டக் கூடாது, உரசக் கூடாது. பேலன்சரின் முகத்தில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் முள் அலைபாயாமல் இருக்க வேண்டும்; அலைந்தால் சாய்ந்து ஏறியிருக்கிறது. கேஜை அப்படியே கிராங்க் முனைக்கு மாற்றி, கிராங்கை மெல்ல முன்பின் நகர்த்துங்கள். சுமார் 0.002 முதல் 0.006 அங்குலம் நகர்ந்தால் த்ரஸ்ட் பேரிங் நலம். வண்டி எனக்கு முன் யார் கையில் எத்தனை அடி வாங்கியது என்பதை நான் இந்த எண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

டைமிங் கோட்டை நம்பும் முன் ஒரு முறை சோதியுங்கள். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைத் தடுக்கும் நிறுத்தியைத் திருகுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் முட்டும் இடத்தில், குறித்தட்டின் பூஜ்யத்துக்கு நேராகப் பேலன்சரில் குறிபோடுங்கள். எதிர்த்திசையில் சுற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் சரிபாதியே பிஸ்டனின் உச்சி. பேலன்சரின் கோடு அங்கே இருந்தால் சரி. இல்லையென்றால் குறித்தட்டும் பேலன்சரும் சோடி சேரவில்லை. நிறுத்தியைக் கழற்ற மறக்காதீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

புல்லி, பெல்ட், ரேடியேட்டர் எல்லாவற்றையும் மாட்டி, கூலன்ட் ஊற்றி, பேட்டரியை இணைத்து இன்ஜினை ஓட விடுங்கள். பேலன்சருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வளையம் தள்ளாடக் கூடாது, புல்லிகளில் பெல்ட் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். டைமிங் லைட்டால் டைமிங்கைச் சரிசெய்யுங்கள். வண்டியை நிறுத்திய பின் அடியில் ஓர் அட்டையை விரித்து ஓர் இரவு விடுங்கள்.

இன்னும் ஒன்று. இறுக்கி முடித்தவுடன் போல்ட்டின் தலையிலிருந்து வாஷர், குடம், ரப்பர், வெளி வளையம் வரை ஒரே கோடாக மஞ்சள் பெயின்ட் இழுத்து வையுங்கள். மரைப்பசை போட்ட போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதித்தால் பசை விட்டுவிடும். கோடு உடையாமல் இருந்தால் போல்ட்டும் நகரவில்லை, வளையமும் நழுவவில்லை.

அந்தப் பிக்கப் ஏப்ரலில் ஆயில் மாற்ற வந்தது. உரிமையாளர் விளக்கைப் பிடித்துக்கொள்ள, நான் ஃபேனுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன். புழுதி படிந்திருந்தது. துணியால் துடைத்தேன். மஞ்சள் கோடு போல்ட்டிலிருந்து விளிம்பு வரை நேராக இருந்தது. சீலுக்குக் கீழே மூடி காய்ந்து கிடந்தது.